ராணுவம் அழைத்து நாற்காலியில் அமர்த்தும் நீதிபதிகள்: மதுரை வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றக் கிளையிலும் தொழில் செய்யும் மதிப்பிற்குரிய மூத்த வழக்கறிஞர்களுக்கும், அவர்களிடம் ஜூனியர்களாக இருந்து தொழில் பழகும் இளைய நண்பர்களுக்கும் வணக்கம்.

2025 செப்டம்பர் 12ஆம் தேதி நேபாளத்தில் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்ற நாளிலிருந்து, நம்முடைய வழக்கறிஞர் அறைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அரசியல்வாதிகள் எல்லோரும் கைவிட்டுவிட்டால் ஒரு நீதிபதியை உட்கார வைத்துவிடலாம், குறைந்தபட்சம் சட்டமாவது நடக்கும் என்பது அந்தப் பேச்சு. இதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பேச்சு அத்தோடு நிற்பதில்லை. ராணுவமே ஆட்சியைப் பிடித்தாலும், தலைமைப் பொறுப்பில் ஒரு நீதிபதி இருந்தால் அது அவ்வளவு மோசமில்லை என்ற இடத்துக்கு அது நகர்ந்துவிடுகிறது. அண்மையில் நம் சங்கத்தார் கூடிப் பேசிய ஒரு மாலைக் கூட்டத்தில், நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் இதையே ஒரு கொள்கையைப் போல எடுத்துச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஜூனியர்கள் பலர் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்புக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நேபாளத்தின் நிலை வேறு. கார்கி பணி ஓய்வு பெற்றவர். அவர் ஏற்றது பிரதமர் பதவி. அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த குடியரசுத் தலைவர் பதவியில் தொடர்ந்தார். தேர்தல் நாளும் உடனே அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. என் வழக்கெல்லாம், பணியில் இருக்கும் ஒரு நீதிபதியை, அல்லது நீதிபதி என்ற பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் ஒருவரை, துப்பாக்கி ஏந்தியவர்கள் அழைத்துவந்து இடைக்காலக் குடியரசுத் தலைவராக அமர்த்தும் ஏற்பாட்டைப் பற்றியதுதான். அந்த ஏற்பாடு பல நாடுகளில் நடந்து முடிந்து, அதன் விளைவுகள் ஆவணங்களாகவும் தீர்ப்புகளாகவும் நம் முன்னால் கிடக்கின்றன. அவற்றைப் படிக்காமல் இதை ஒரு தீர்வாக யாரும் பேசக்கூடாது.

முதலில் வங்கதேசத்தின் தலைநகர் டாக்கா. 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். கொண்டகர் முஷ்டாக் அகமது குடியரசுத் தலைவராகத் தன்னை அறிவித்துக்கொண்டு ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நவம்பர் 3ஆம் தேதி ராணுவத்துக்குள் இன்னொரு கலகம் நடந்தது. அதே நாளில் டாக்கா மத்தியச் சிறைக்குள் நான்கு தேசியத் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தக் குருதி காய்வதற்குள், நவம்பர் 6ஆம் தேதி, வங்கதேசத்தின் முதல் தலைமை நீதிபதியாக இருந்த அபு சதாத் முகமது சயீம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். மறுநாளே சிப்பாய்களின் எழுச்சியில் அந்தக் கலகத்தின் தளபதி காலித் முஷாரஃப் கொல்லப்பட்டு, அந்தக் கலகக்காரர்கள் காவலில் வைத்திருந்த ராணுவத் தளபதி ஜியாவுர் ரஹ்மான் விடுவிக்கப்பட்டு மேலெழுந்தார். தன்னை அழைத்துவந்த தளபதி ஒரே நாளில் இல்லாமல் போன பிறகும் சயீம் நாற்காலியில் நீடித்தார். அவரை அமர்த்தியவர் யார் என்பது அவருக்குப் பின்னால் நின்ற ராணுவத்துக்கு முக்கியமாக இருக்கவில்லை. அங்கே ஒரு நீதிபதி அமர்ந்திருக்கிறார் என்பது மட்டுமே அதற்குத் தேவைப்பட்டது.

சயீம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தலைமை ராணுவச் சட்ட நிர்வாகி என்ற பொறுப்பையும் அவரே ஏற்றார். முப்படைத் தளபதிகள் துணை நிர்வாகிகளானார்கள். வங்கதேச அரசமைப்புச் சட்டம் வகுத்திருந்த பதவி வரிசையில் தலைமை நீதிபதிக்கு இடமே இல்லை என்பதை அந்த நாட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அறிந்துதான் அமர்ந்தார்.

1976 ஜூலையில் நடந்ததை இளைய நண்பர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கர்னல் அபு தாஹிர் 1971 விடுதலைப் போரில் ஒரு காலை இழந்தவர். சிப்பாய்களின் எழுச்சியில் ஜியாவை விடுவித்ததில் பங்கு கொண்டவர். அவரையும் அவரது தோழர்களையும் விசாரிக்க ஒரு சிறப்பு ராணுவத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. அது அமர்ந்தது நீதிமன்ற வளாகத்தில் அல்ல, டாக்கா மத்தியச் சிறையின் மதிலுக்குள். விசாரணை ரகசியமாக நடந்தது, மேல்முறையீடு கிடையாது. ஜூலை 21ஆம் தேதி தாஹிர் தூக்கிலிடப்பட்டார். நீதிபதியாக இருந்த காலமெல்லாம் கீழமை நீதிமன்றங்களின் மரண தண்டனைத் தீர்ப்புகளை வரிவரியாகப் படித்துப் பார்க்கும் பணியில் இருந்த ஒருவர்தான் அன்று குடியரசுத் தலைவர். தண்டனையை நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி அவர் கையில்தான் இருந்தது. தண்டனை நிறுத்தப்படவில்லை. 2011 மார்ச்சில் வங்கதேச உயர் நீதிமன்றம் அந்த விசாரணையே சட்டவிரோதம் என்று அறிவித்தபோது, தூக்குக் கயிறு இறுகி ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1976இல், ஏப்ரல் 28ஆம் தேதி, நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று சொன்னதையும், நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டு நின்றதையும் நாம் அனைவரும் அறிவோம். எனவே டாக்காவை நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்கு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே நீதிமன்றம் தவறான தீர்ப்பைத் தந்தது. அந்தத் தீர்ப்பை 2017இல் அதே நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தூக்கியெறிய முடிந்தது. அங்கே நீதிபதியே ஆட்சியாக மாறியிருந்தார். அவருடைய செயல்களை எதிர்த்து எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

சயீம் வாக்களித்திருந்த தேர்தல் 1977 பிப்ரவரிக்குள் நடந்திருக்க வேண்டும். 1976 நவம்பரில் அது தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் தலைமை ராணுவச் சட்ட நிர்வாகி பதவி ஜியாவின் கைக்குச் சென்றது. 1977 ஏப்ரல் 21ஆம் தேதி, உடல்நலக் குறைவு என்ற காரணத்தோடு சயீம் விலகி, குடியரசுத் தலைவர் பதவியையும் ஜியாவிடமே ஒப்படைத்தார்.

இதற்குப் பின் வருவதுதான் வழக்கறிஞர்களான நமக்கு மிக முக்கியமான பகுதி. பழைய டாக்காவில் மூன் சினிமா என்றொரு திரையரங்கம் இருந்தது. சினிமாக் கொட்டகைகளுக்குப் பேர்போன ஊர்க்காரர்களான நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு நெருக்கம் தோன்றும். விடுதலைப் போருக்குப் பிறகு அந்தக் கட்டடம் கைவிடப்பட்ட சொத்து என்று வகைப்படுத்தப்பட்டு அரசின் கைக்குப் போயிற்று. அதன் உரிமையாளரான நிறுவனம் வழக்குத் தொடுத்து 1977இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றது. ஆனால் அதே ஆண்டில் வந்த ராணுவச் சட்ட ஒழுங்குவிதி ஒன்று, இப்படிப்பட்ட தீர்ப்புகளையே பயனற்றவை ஆக்கிவிட்டது. தீர்ப்பு கையில் இருக்கிறது, கட்டடம் கையில் இல்லை. 1979இல் வந்த ஐந்தாவது திருத்தம், 1975 ஆகஸ்ட் முதல் ராணுவச் சட்டத்தின் பெயரால் நடந்த அனைத்துக்கும் ஒரே வீச்சில் ஏற்பளித்தது. ஆகவே தன் கொட்டகையைத் திரும்பக் கேட்க வந்த உரிமையாளருக்கு, ஒரு நாட்டின் அரசமைப்புத் திருத்தத்தையே எதிர்த்து வாதாடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஐந்தாவது திருத்தம் செல்லாது என்பதோடு அது நிற்கவில்லை. முஷ்டாக் ஆட்சியைக் கைப்பற்றியது, சயீம் குடியரசுத் தலைவராக நியமிக்கப்பட்டது, அவர் தலைமை ராணுவச் சட்ட நிர்வாகியானது, அந்த அதிகாரத்தை ஜியாவிடம் கைமாற்றியது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்து, எதற்கும் சட்ட அடிப்படை இல்லை என்று அது எழுதியது. 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு சில மாற்றங்களோடு அதை உறுதி செய்தது. ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம், தன் முதல் தலைமை நீதிபதியைப் பற்றி, அவர் செய்தது அபகரிப்பு என்று பதிவு செய்ய நேர்ந்தது. இதைவிடக் கடினமான ஒரு வரியை எந்த நீதிபதியின் கையாவது எழுதியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுத அந்த நாட்டு நீதித்துறைக்கு 30 ஆண்டுகள் பிடித்தன. அதில் 28 ஆண்டுகள் ஒரு கொட்டகைக்காரரின் தீர்ப்பு வெறும் காகிதமாகக் கிடந்தது.

சயீமின் கதை ஒரு தனி மனிதரின் பலவீனம் என்று கொள்ளலாமா? அப்படிக் கொள்ள முடியாது. ஏனென்றால் டாக்காவிலேயே அது மீண்டும் நடந்தது. 1982 மார்ச் 24ஆம் தேதி ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். மூன்று நாள் கழித்து அஹ்சானுதீன் சவுத்ரி என்ற முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி குடியரசுத் தலைவரானார். தலைமை ராணுவச் சட்ட நிர்வாகியான எர்ஷாதின் ஒப்புதல் இல்லாமல் அவரால் எதையும் செய்ய இயலாத நிலை. 1983 டிசம்பரில் எர்ஷாத் அவரை இறக்கிவிட்டுத் தானே அமர்ந்தார்.

பிறகு எகிப்தின் தலைநகர் கெய்ரோ. 2013 ஜூலை 3ஆம் தேதி, ராணுவத் தளபதி அப்தெல் ஃபத்தா அல்-சிசி, தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் முகமது மோர்சி நீக்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் அட்லி மன்சூர் உச்ச அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைவராகப் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு, நாட்டின் இடைக்காலத் தலைவராகவும் பிரமாணம் எடுத்தார். அரசமைப்புச் சட்டத்தைக் காக்கும் நீதிமன்றத்தின் தலைவர், அந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் ஆட்சித் தலைமையை ஏற்கிறார். ஆகஸ்ட் 14ஆம் தேதி ராபா சதுக்கத்தில் கூடியிருந்த மோர்சி ஆதரவாளர்களைப் பாதுகாப்புப் படையினர் கலைத்தபோது குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓராண்டு ஆய்வுக்குப் பின் பதிவு செய்தது. அன்றைக்கே துணைத் தலைவர் முகமது எல்பரதேய் பதவி விலகினார். அன்றைக்கே மன்சூரின் பெயரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரே அரசில், ஒரே நாளில், ஒருவர் வெளியேறினார், ஒருவர் கையெழுத்திட்டார். வெளியேறியவர் தூதரகப் பணியிலும் பன்னாட்டு அமைப்பிலும் இருந்தவர், கையெழுத்திட்டவர் நீதிபதி.

அவர் கையெழுத்திட்ட வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் வந்த போராட்டச் சட்டம், பொதுக்கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடுக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சகத்துக்குத் தந்தது. 2014 மார்ச்சில் அவர் பிறப்பித்த குடியரசுத் தலைவர் தேர்தல் சட்டம், தேர்தல் ஆணையத்தின் முடிவுகளை எதிர்த்து மேல்முறையீடே கூடாது என்றது. 2014 ஏப்ரலில் வந்த இன்னொரு சட்டம், அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை மூன்றாம் தரப்பினர் நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்குத் தடை விதித்தது. கிரானைட், மணல் குவாரி என்று எத்தனை பொதுநல வழக்குகள் நம் கிளையில் நடந்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்து இதைப் படியுங்கள். பாதிக்கப்படும் ஊர்க்காரர் ஒப்பந்தத்தில் தரப்பினர் இல்லை, ஆகவே அவர் நீதிமன்ற வாசலை மிதிக்கக்கூடாது என்று ஒரு நீதிபதி சட்டம் போட்டுவிட்டால், மேலூர் வட்டத்து விவசாயி ஒருவரின் மனு எண்ணிடப்பட்டு விசாரணைக்கு வருமா? நீதிபதி ஆட்சியில் இருந்தால் நீதிமன்றத்தின் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும் என்றுதான் நம் கூட்டத்தில் சொல்லப்பட்டது. மன்சூரின் 11 மாதங்களில் அந்தக் கதவு மூடியே வந்தது.

2014 ஜனவரியில் அவர் சிசியை ஃபீல்டு மார்ஷலாகப் பதவி உயர்த்தினார். ஜூன் 8ஆம் தேதி சிசி குடியரசுத் தலைவராகப் பதவிப் பிரமாணம் எடுத்தது உச்ச அரசமைப்பு நீதிமன்றத்தின் முன்னால். மன்சூர் அந்த நீதிமன்றத்துக்கே தலைவராகத் திரும்பிச் சென்றார். அவர் கையெழுத்திட்ட போராட்டச் சட்டம் பிறகு அந்த நீதிமன்றத்திலேயே வழக்காக வந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2016 டிசம்பரில், அதன் ஒரு முக்கியப் பிரிவு செல்லாது என்றும் மற்றவை செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிமன்றம் தன் தலைவரின் கையெழுத்தைத் தானே விசாரிக்கும் நிலையில் நிறுத்தப்பட்டால், அதன் தீர்ப்பு எத்தனை நேர்மையானதாக இருந்தாலும் தோற்றவர் அதை ஏற்க மாட்டார்.

மூத்தவர்கள் இதற்கு ஒரு மறுப்பைச் சொல்வார்கள், அது புறக்கணிக்கத்தக்கதன்று. நீதிபதி மறுத்திருந்தால் தளபதியே நேரடியாக அமர்ந்திருப்பார், கொடுமை இன்னும் கூடியிருக்கும், நீதிபதி இருந்ததால் ஒரு தடையாவது இருந்தது என்பார்கள். நான் அவர்களிடம் நாள்களைப் பார்க்கச் சொல்கிறேன். சயீம் ஏறத்தாழ 17 மாதம்; அவருக்குப் பின் ஜியா. சவுத்ரி ஏறத்தாழ 20 மாதம். அவருக்குப் பின் எர்ஷாத். மன்சூர் 11 மாதம். அவருக்குப் பின் சிசி. மூன்று இடங்களிலும் நீதிபதிக்குப் பிறகு நாற்காலிக்கு வந்தவர், அந்த மாதங்கள் முழுவதும் அவருக்குப் பின்னால் நின்ற அதே தளபதிதான். நீதிபதி இருந்த காலம் தளபதியைத் தடுத்த காலமாக எங்குமே அமையவில்லை. தளபதி சீருடையைக் கழற்றிவிட்டுச் சட்டப்படியான தலைவராக வந்து சேர்வதற்கு அவகாசம் கொடுத்த காலமாகவே அது அமைந்தது. ராணுவத்துக்கு நீதிபதியின் ஆட்சித் திறமை தேவைப்படவில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு பத்திரத்தில் நோட்டரி முத்திரை எதற்குத் தேவைப்படுகிறதோ அதற்காகவே அவர் தேவைப்பட்டார்.

ஹைட்டியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஏனென்றால் அங்கே அரசமைப்புச் சட்டமே நீதிபதிக்கு இடம் தந்திருந்தது. 1987ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 149ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் பதவி காலியானால் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒருவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்பார் என்றது. 1990 மார்ச்சில் ராணுவ ஆட்சியாளர் அவ்ரில் மக்கள் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் வெளியேறியபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி எர்தா பாஸ்கல்-துருயோ அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில், 1990 டிசம்பர் 16ஆம் தேதி நடந்த தேர்தலில் ஏறத்தாழ 67 விழுக்காடு வாக்குகளோடு அரிஸ்டீட் வென்றார். 1991 செப்டம்பர் 30ஆம் தேதி தளபதி செத்ராஸ் தலைமையில் ராணுவம் அரிஸ்டீட்டை விரட்டியது. அக்டோபர் முதல் வாரத்தில் சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். மிரட்டலின் கீழ் இருந்த உறுப்பினர்கள் பதவி காலியாகிவிட்டதாகக் கொண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் நெரெத்தை இடைக்காலத் தலைவராக்கினார்கள். அக்டோபர் 8ஆம் தேதி அவர் பதவியேற்றார். 1994 மே மாதம் இதே ராணுவம் இன்னொரு முறை, 80 வயதைக் கடந்த நீதிபதி எமில் ஜோனசானை அதே நாற்காலியில் அமர்த்தியது.

அதே நாடு, அதே பிரிவு, அதே நீதிமன்றம். துருயோ ஏற்ற இடம், ஆட்சியாளர் ஓடிப்போனதால் காலியானது. நெரெத் ஏற்ற இடம் காலியே ஆகவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர் நாடு கடத்தப்பட்டிருந்தார், பதவி விலகவில்லை. சட்டம் ‘காலியிடம்’ என்று சொல்லும்போது, அதைத் துப்பாக்கியால் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று எந்த நீதிபதியும் பொருள் கொள்ள முடியாது. ஒரு சாதாரண உரிமையியல் வழக்கில், வாடகைதாரரை அடித்து விரட்டிவிட்டு வீடு காலியாக இருக்கிறது என்று வாதிடுபவரை நம் முன்சீப் நீதிமன்றமே ஏற்காது. ஆகவே இடைக்காலத் தலைவராக ஒரு நீதிபதி வருகிறார் என்று செய்தி வரும்போது அவருடைய நேர்மையைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால், அந்த இடத்தைக் காலி செய்தது யார் என்று கேட்கும் பழக்கம் நம் இளையவர்களுக்கு வர வேண்டும். என்னைப் பொறுத்தவரை முழு வழக்கும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைத்த இடமும் டாக்காதான். 1990 டிசம்பரில் எர்ஷாதுக்கு எதிரான மக்கள் எழுச்சி உச்சத்தை எட்டியபோது, எதிர்க்கட்சிகளின் மூன்று கூட்டணிகளும் சேர்ந்து தலைமை நீதிபதி ஷஹாபுதீன் அகமதைத் தேர்ந்தெடுத்தன. அவர் முதலில் துணைக் குடியரசுத் தலைவராக்கப்பட்டு, டிசம்பர் 6ஆம் தேதி எர்ஷாத் அவரிடமே பதவி விலகினார். வேலை முடிந்ததும் தலைமை நீதிபதி பதவிக்கே திரும்புவேன் என்ற நிபந்தனையை அவர் முன்கூட்டியே வைத்திருந்தார். 1991 பிப்ரவரி 27ஆம் தேதி தேர்தல் நடந்தது. அவர் திரும்பிச் செல்வதற்காகவே அரசமைப்புச் சட்டத்தில் பதினோராவது திருத்தம் செய்யப்பட்டது. அந்த அக்டோபரில் அவர் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அவரை அழைத்தது ராணுவம் அல்ல. ராணுவத்திலிருந்து வந்த ஆட்சியாளரை வெளியேற்றியவர்கள். சயீமையும் ஷஹாபுதீனையும் ‘நீதிபதிகள் ஆண்டார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்வது, கடன் கொடுத்தவரையும் கையாடியவரையும் ஒரே பக்கத்தில் வரவு எழுதுவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டிலும் ஒரு தலைமை நீதிபதி குடியரசுத் தலைவரின் பொறுப்பை வகித்திருக்கிறார். குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே 3ஆம் தேதி மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பு வகித்த துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி ஜூலை 20ஆம் தேதி விலகினார், தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை 35 நாள் அந்தப் பொறுப்பில் இருந்துவிட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அதற்கான சட்டத்தை அந்த ஆண்டே நாடாளுமன்றம் இயற்றியிருந்தது. தேர்தல் அட்டவணை முன்னால் இருந்தது. மாலைக் கூட்டத்தில் இந்த 35 நாளை மேற்கோள் காட்டியவர், அதை ராணுவ ஆட்சிக்குப் பொருத்திக் காட்டியது பொருந்தாது.

ஷஹாபுதீனின் நல்ல அனுபவத்தையும் வங்கதேசம் நெடுநாள் நல்லதாக வைத்திருக்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம், தேர்தல் காலத்தில் நடுநிலை அரசை நடத்தும் பொறுப்பு கடைசியாக ஓய்வு பெற்ற தலைமை நீதிபதிக்கு என்று விதி செய்தார்கள். 2004இல் நீதிபதிகளின் ஓய்வு வயது 65இலிருந்து 67 ஆக்கப்பட்டபோது, குறிப்பிட்ட ஒருவர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகவே இது செய்யப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. 2006 அக்டோபரில் அந்த முன்னாள் தலைமை நீதிபதி கே.எம். ஹசன் பொறுப்பேற்க மறுத்தார், தெருக்கள் கலவரமாயின, 2007 ஜனவரி 11ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது, அதன் பின்னால் மறுபடியும் ராணுவம் நின்றது. நீதிபதியின் பதவிக்கு ஓர் ஆட்சி நாற்காலியைச் சேர்த்துக் கட்டிவிட்டால், யார் எப்போது தலைமை நீதிபதியாவது என்பதையே கட்சிகள் கணக்குப் போடத் தொடங்கிவிடுகின்றன.

பாகிஸ்தானைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 1977 ஜூலையில் ஜியா-உல்-ஹக் ஆட்சியைப் பிடித்ததும், நான்கு மாகாண உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகளையும் தற்காலிக ஆளுநர்களாக்கினார். அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி அன்வருல் ஹக் தலைமையில், நுஸ்ரத் பூட்டோ வழக்கில் அவசியத்துக்காகச் சட்டமீறலையும் ஏற்கலாம் என்ற அவசியக் கோட்பாட்டைச் சொல்லி ராணுவ ஆட்சியை ஏற்றது. 1981 மார்ச்சில் அதே ஆட்சி நீதிபதிகள் அனைவரும் புதிய பிரமாணம் எடுக்க வேண்டும் என்றபோது, அன்வருல் ஹக் அதை எடுக்க மறுத்து வெளியேறினார். தொராப் பட்டேல், பக்ருதீன் இப்ராகிம் ஆகியோரும் மறுத்து வெளியேறினார்கள். முதலில் ஒத்துப்போனவருக்கும் அந்த ஆட்சி எந்தச் சலுகையும் தரவில்லை.

நம் கிளையில் ஆட்கொணர்வு மனுக்கள் விசாரணைக்கு வரும் நாளில் வராந்தாவில் நின்றிருக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் மாட்டுத்தாவணி வந்து இறங்கி, மகனின் தடுப்புக் காவல் ஆணையையும் அதோடு தந்த ஆவணக் கட்டையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி மங்கியிருந்தது, அல்லது ஓர் ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரப்படவில்லை என்ற காரணத்துக்காகவே குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தின் கீழான ஆணைகளை நீதிபதிகள் ரத்து செய்வதை நாம் பார்த்து வருகிறோம். மாவட்ட ஆட்சியர் இட்ட கையெழுத்தை, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றத்தின் மீது இருக்கும் நம்பிக்கை முழுவதும் அந்தப் பங்கில்லாமையில் இருந்து வருவது. காவல் ஆணையில் கையெழுத்திட்டவரே மேடையில் அமர்ந்திருந்தால் அந்தப் பெண் விடியற்காலைப் பேருந்து ஏறி வந்திருக்க மாட்டார். டாக்காவிலும் கெய்ரோவிலும் பறிபோனது அதுதான். அங்கிருந்த தாய்மார்களுக்கு அந்த இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. சங்கத்தின் அடுத்த படிப்பு வட்டத்துக்கு மூன் சினிமா வழக்கின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீண்ட தீர்ப்பு, ஒரு மாலையில் முடியாது. இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்து, ஜூனியர்களையே வாசித்து விளக்கச் செய்யுங்கள். அதோடு, ராணுவ ஆட்சியாளரை அபகரிப்பாளர் என்று பெயரிட்ட பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் 1972ஆம் ஆண்டு அஸ்மா ஜிலானி தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். டாக்கா தீர்ப்பின் வாதங்களுக்கு அது துணை. அந்த ஆட்சியாளர் பதவியிழந்த பிறகே அத்தீர்ப்பு வந்தது என்பதையும் மறைக்காமல் பேசுங்கள். மாலைக் கூட்டத்தில் பேசிய மூத்தவரே அந்த அமர்வுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவருடைய கருத்தை அவர் அங்கே முழுமையாக வைக்கட்டும், எதிர் வாதத்தை வைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். இரு தரப்பையும் கேட்ட பிறகு, நம் ஜூனியர்கள் தலையசைப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சக வழக்கறிஞர்,
மதுரை.